செஞ்சோற்றுக் கடன் யாருடையது?

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கவிதை பற்றிப் பேச இங்கே என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் இருக்கிறார்கள். நான் ஒரு பெரிய தொழில் நிறுவனத்தின் பணியாளர் துறையில் முப்பது ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன். “நீங்கள் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஏதேனும் பேசுங்கள்” என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் வாழ்க்கையில் இன்றும் உறுத்திக் கொண்டிருக்கும் பொருள் ஒன்றுதான். ஒரு நிறுவனம் தன் பணியாளர்களை ஒருமுறையன்றிப் பலமுறை, தவணை தவணையாக வெளியேற்றும்போது, எஞ்சி இருப்பவர்களின் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதே அது. இலக்கிய மன்றத்தில் இதற்கு என்ன இடம் என்று நீங்கள் எண்ணலாம். இடம் உண்டு என்பதை உரையின் முடிவுக்குள் நிறுவ முயல்கிறேன்.

கும்பகருணனும் வீடணனும்

நம்மிடம் செஞ்சோற்றுக் கடன் என்றொரு அருமையான சொல் இருக்கிறது. அதைக் கேட்டதும் கர்ணன் நினைவுக்கு வருவான். கம்பனைக் கற்றவர்களுக்குக் கும்பகருணனும் நினைவுக்கு வருவான். உண்ட சோற்றுக்கு உயிரைத் தந்தவர்கள் என்று இருவரையும் போற்றுகிறோம். ஆனால் கும்பகருணன் செய்ததில் நாம் எளிதில் மறந்துவிடும் ஒரு பகுதி உண்டு. அவன் போர்க்களம் புகுவதற்கு முன் அண்ணனிடம் உண்மையைச் சொன்னான். செய்தது தவறு, சீதையை விட்டுவிடு என்று முகத்துக்கு நேரே இடித்துரைத்தான். அதன் பிறகே வேலை எடுத்தான். வீடணனும் அதே உண்மையைச் சொன்னான், கேட்கப்படாதபோது வெளியேறினான்.

இந்த இரு வழிகளையும் பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு நூலொன்றில் ஆராய்ந்தார். ஓர் அமைப்பு தாழ்வுறும்போது அதில் இருப்பவர்க்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று வெளியேறுவது, மற்றொன்று குரல் எழுப்புவது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது பற்று. பற்றுள்ளவன் உடனே வெளியேறிவிடுவதில்லை. இருந்து, வாதாடி, திருத்தப் பார்க்கிறான். அவர் இராமாயணத்தை நினைத்து எழுதியவர் அல்லர். எனினும் அந்தக் கருத்தை அறிந்த நாள்முதல் எனக்குக் கும்பகருணன் புதிதாகத் தெரியத் தொடங்கினான். பற்று என்பது வாய்மூடித் தலையசைப்பதில் இல்லை. தன் இடம் உறுதி என்னும் நம்பிக்கையில், தலைவனுக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லும் துணிவில் இருக்கிறது. தவணை முறை ஆட்குறைப்பு முதலில் கொல்வது அந்தத் துணிவையே. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதை ஓர் உலகறிந்த வரலாற்றைக் கொண்டு விளக்குகிறேன்.

பாட்டுப் பாடிய நிறுவனம்

ஐ.பி.எம். என்னும் அமெரிக்க நிறுவனத்தை அறியாதார் இலர். 1911-இல் வேறு பெயரில் தோன்றி, 1914-இல் தாமஸ் வாட்சன் என்பவரின் பொறுப்பில் வந்து, 1924-இல் இப்பெயர் பெற்றது. நியூயார்க் மாநிலத்து எண்டிகாட் என்னும் சிற்றூரில் அதன் தொடக்கக் கால ஆலைகள் இருந்தன.

கவிஞர்களாகிய உங்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. அந்த நிறுவனத்திற்கென்று பாட்டுப் புத்தகம் இருந்தது. 1931-இல் ‘எவர் ஆன்வர்ட்’ என்னும் பாட்டு நிறுவனத்தின் முழக்கப் பாட்டாயிற்று. நிறுவனத் தலைவரையும் அதிகாரிகளையும் புகழ்ந்து, எல்லாரும் அறிந்த மெட்டுகளில் பாட்டுகள் கட்டப்பட்டன. பணியாளர்கள் கூட்டங்களில் எழுந்து நின்று அவற்றைப் பாடினார்கள். நம் சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் மெய்க்கீர்த்திகளை இவற்றோடு ஒப்பிடலாம். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்பதற்கு முன், அந்தப் பாட்டுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1930-களில் அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியது. ஆலைகள் மூடிக்கிடந்தன. அப்போது வாட்சன் ஆட்களை அனுப்பவில்லை. விற்பனையாகாத எந்திரங்களையும் உறுப்புகளையும் செய்து கிடங்கில் அடுக்கி வைத்தார். பலரும் அதைப் பித்தம் என்றனர். 1935-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கோடிக்கணக்கான தொழிலாளரின் கணக்கை அரசு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வேலைக்கு வேண்டிய எந்திரங்களும் அவற்றைச் செய்யும் கைகளும் ஆயத்தமாக இருந்த நிறுவனம் ஐ.பி.எம். ஆட்களைக் காத்தவனுக்கு அந்த ஆட்களே ஆக்கம் தேடித் தந்தார்கள்.

1934-இல் பணியாளர்க்குக் கூட்டு ஆயுள் காப்பீடு வந்தது. வாட்சனின் மகன் இளைய வாட்சன் காலத்தில், 1958-இல், மணிக்கணக்குக் கூலி ஒழிக்கப்பட்டு ஆலைத் தொழிலாளர்க்கும் மாதச் சம்பளக்காரர் நிலை கிடைத்தது. தனி மனிதனை மதித்தல் நிறுவனத்தின் முதற் கொள்கை என்று அவர் 1963-இல் ஒரு நூலே எழுதினார். வணிகம் மந்தமானால் வேலையை விட்டு அனுப்புவதில்லை என்பது எழுதாச் சட்டம் போல நின்றது. அதற்கு மாற்றாகப் புதுத் தொழில் பயிற்றுவார்கள், ஊர் மாற்றுவார்கள். ஐ.பி.எம். என்ற மூன்றெழுத்துக்கு ‘என்னை இடம் மாற்றிவிட்டார்கள்’ என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் விரிவு சொல்லிப் பணியாளர்கள் தமக்குள் சிரித்துக் கொள்வார்களாம். சிரித்துக்கொண்டே மூட்டை கட்டினார்கள். ஏனெனில் கடன் இருபுறமும் இருந்தது.

வாக்குத் தேய்ந்த விதம்

1980-களின் நடுவில் அந்த நிறுவனத்தில் 4 லட்சத்துக்கு மேற்பட்டோர் பணிபுரிந்தார்கள். அதுவே உச்சம். அதன் பின் சரிவு தொடங்கியது. பெருங்கணினிகளால் வந்த பெரும் இலாபம், விலை குறைந்த சிறு கணினிகளின் வரவால் கரைந்தது. 1981-இல் ஐ.பி.எம். தானே தனியாள் கணினியை வெளியிட்டதுதான். ஆனால் அதன் இயக்க மென்பொருளையும் மூளைச் சில்லையும் பிறரிடம் வாங்கியது. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் வளர்ந்தன.

நிறுவனம் உடனே ஆட்களை அனுப்பிவிடவில்லை. வாக்கை உடைக்க அதற்கும் தயக்கம் இருந்தது. ஆகவே விருப்ப ஓய்வுத் திட்டங்களைக் கொண்டுவந்தது. ஓராண்டு ஒரு திட்டம், மறு ஆண்டு இன்னொரு திட்டம். ஒவ்வொரு முறையும் இதுவே போதும் என்ற எதிர்பார்ப்பு. ஒவ்வொரு முறையும் அது பொய்த்தது. விருப்ப ஓய்வில் ஓர் இயல்பு உண்டு. வெளியே எளிதில் வேலை தேடிக்கொள்ளக் கூடிய திறமையாளரே முதலில் கைநீட்டிப் பணத்தைப் பெற்றுக் கொள்வர். போக இடமில்லாதவர் இருக்கையை இறுகப் பற்றிக் கொள்வர். நிறுவனம் யாரை இழக்கக் கூடாதோ அவர்களைப் பணம் கொடுத்து அனுப்பி வைக்கிறது.

1991-இல் 280 கோடி டாலர் இழப்பு. 1992-இல் ஏறத்தாழ 500 கோடி. 1993-இல் 810 கோடி. அந்த 1993-ஆம் ஆண்டில் ஹட்சன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், போகீப்சி, கிங்ஸ்டன், கிழக்கு ஃபிஷ்கில் ஆகிய ஊர்களில் திரை முழுதும் விலகியது. விருப்பம் கேட்காமலே ஆட்கள் அனுப்பப்பட்டார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரே ஆலையில் வேலை பார்த்த ஊர்கள் அவை. வீட்டு விலை சரிந்தது, கடைத்தெரு வெறிச்சோடியது. ஒரு காலத்தில் 7,000 பேருக்கு மேல் பணிபுரிந்த கிங்ஸ்டன் ஆலை 1995-இல் மூடப்பட்டது. 1994 முடிவில் நிறுவனத்தில் எஞ்சியவர் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் பேர். இளைய வாட்சன் 1993 டிசம்பர் 31 அன்று இறந்தார். தந்தையும் தாமும் காத்த வாக்கு உடைந்ததைக் கண்ணால் கண்ட பிறகே அவர் கண்ணை மூடினார்.

நடுநிலையோடு சொன்னால், அந்த ஆண்டில் தலைமையேற்ற லூயி கெர்ஸ்னர் நிறுவனத்தைக் காப்பாற்றினார் என்பதும் உண்மை. 1994-இல் மீண்டும் இலாபம் வந்தது. முழுதும் மூழ்கியிருந்தால் எஞ்சிய 2 லட்சம் பேருக்கும் வேலை இராது. ஆட்களைக் குறைத்தே தீர வேண்டிய நிலை ஒரு நிறுவனத்துக்கு வருவதில்லை என்று நான் வாதாட வரவில்லை. குறைக்க வேண்டுமெனில் சொட்டுச் சொட்டாக நீட்டாமல் விரைந்து முடித்துவிட வேண்டும் என்பது கெர்ஸ்னரின் கருத்து. அவருக்கு முந்திய ஆண்டுகள் அவருக்குக் கற்பித்த பாடம் அது.

எஞ்சியோர் நிலை

அனுப்பப்பட்டவரின் துயரம் கண்ணுக்குத் தெரியும். எஞ்சியவரின் துயரம் தெரிவதில்லை. அவருக்குச் சம்பளம் வருகிறது. ஆகவே அவர் பேறு பெற்றவர் என்று உலகம் எண்ணுகிறது. டேவிட் நோயர் என்பவர் 1993-இல் எழுதிய நூலொன்றில் இவர்களைப் பேரிடரில் உயிர் தப்பியவரோடு ஒப்பிட்டார். தப்பியவன் மனத்தில் நன்றியுணர்வு மட்டும் இருப்பதில்லை. ‘அவன் போனான், நான் ஏன் இருக்கிறேன்’ என்ற குற்ற உணர்வு இருக்கிறது. அடுத்தது நானோ என்ற அச்சம் இருக்கிறது. மேலிடத்தின் மேல் வெளிச்சொல்ல முடியாத சினம் இருக்கிறது. ஆட்குறைப்பு நடந்த நிறுவனங்களில் அதன் பின்னர்த் தாமாகவே விலகுவோர் தொகையும் கூடுகிறது என்பதை டிரெவர், நைபெர்க் என்னும் இரு ஆய்வாளர்கள் 2008-இல் எடுத்துக் காட்டினார்கள். நிறுவனம் நூறு பேரை அனுப்பினால் நூறோடு நிற்பதில்லை.

ஒரே முறை நிகழ்ந்தால் காயம் ஆறக்கூடும். ஆண்டுக்கொரு முறை என்றால் ஆற விடுவதே இல்லை. அப்போது மனிதர்கள் மாறுகிறார்கள். தெரிந்த தொழில் நுட்பத்தை இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அறிவைப் பூட்டி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்று தோன்றுகிறது. புதுமுயற்சி எதிலும் இறங்குவதில்லை. தோற்றால் பெயர் பட்டியலில் ஏறும். பழுதைக் கண்டால் சொல்வதில்லை. சொன்னவன் தொல்லைக்காரன் ஆவான். கூட்டத்தில் தலைவர் கேட்கும்போது எல்லாரும் ‘ஆம்’ என்கிறார்கள். தலைவர் அதைப் பற்று என்று எண்ணி மகிழ்கிறார். ஹிர்ஷ்மன் சொன்ன குரல் மடிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிவதில்லை. வீடணன் போய்விட்டான், கும்பகருணன் வாயை மூடிக்கொண்டான்.

நான் எழுதிய அறிக்கை

இதை நூலில் மட்டும் படித்தவன் அல்லேன். நான் பணியாற்றிய நிறுவனத்தில் 1998 தொடங்கி மூன்று ஆண்டுகளில் மூன்று முறை ஆட்குறைப்பு நடந்தது. மூன்றாம் முறை, ஆங்கிலத்தில் வந்த அறிக்கையைத் தமிழாக்கித் தொழிலாளர் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று மேலிடம் பணித்தது. ‘நீங்கள் தமிழில் எழுதக் கூடியவர்’ என்று என்னிடம் கொடுத்தார்கள். அந்த அறிக்கையில் சொல்லப்பட்ட காரணம் உண்மையன்று என்பது எனக்குத் தெரியும். முதல் இரண்டு முறையும் ‘இதுவே கடைசி’ என்று அறிவித்திருந்தார்கள் என்பதும் தெரியும். மேலாளரிடம் அதைச் சொல்ல ஒரு நிமிடம் வாயெடுத்தேன். என் மகள் அப்போது கல்லூரியில் முதலாண்டு. பட்டியலில் என் பெயர் இல்லை என்பதை நான் உறுதியாக அறியேன். வாயை மூடிக்கொண்டேன்.

பின்னர் எழுதினேன். அழகாகவே எழுதினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘மனிதவளச் சீரமைப்பு’ என்றேன். ‘பணி நிறைவு வாய்ப்பு’ என்றேன். ‘புதிய வாழ்வின் வாசல்’ என்றுகூட ஒரு தொடர் வந்து விழுந்தது. மறுநாள் காலை பலகையின் முன் கூட்டம். கடைசல் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் அதை இரண்டு முறை நிதானமாகப் படித்தார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை. “ஐயா, எல்லாம் நல்லா எழுதியிருக்கு. ஒண்ணுதான் விளங்கல. நாளைக்கு நான் வேலைக்கு வரணுமா, வேண்டாமா?” என்று கேட்டார்.

என்னிடம் விடை இருந்தது. அந்த அறிக்கை முழுவதிலும் அந்த விடை இல்லை. ‘வேலை இல்லை’ என்ற இரண்டு எளிய சொற்களை மறைப்பதற்காகவே நான் கற்ற தமிழ் முழுவதையும் செலவழித்திருந்தேன். அன்று மாலை நான் அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

இது என் ஒருவன் அனுபவம் என்று எண்ணிவிட வேண்டாம். ஐ.பி.எம்.மிலும் சொற்கள் இப்படித்தான் மாறின. 1990-களின் தொடக்கத்தில் ‘நிர்வாகம் தொடங்கிவைத்த தேய்வு’ என்று பொருள்படும் தொடர் வழங்கிற்று. பின்னர் ‘வள நடவடிக்கை’ என்றார்கள். தேய்வு என்றால் நிலவு போலத் தானே தேய்வதாகப் பொருள். தேய்ப்பவன் கை தெரியாது. வளம் என்றால் மண்ணோ நீரோ போல. மனிதன் முகம் தெரியாது. 2010 வாக்கில் அமெரிக்காவில் தன்னிடம் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள் என்று தனியே வெளியிடுவதையும் அந்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது. முதலில் சொல் மறைந்தது. பிறகு எண்ணும் மறைந்தது.

முகம் பார்த்தல்

இங்கே நம் சங்கப் புலவர் ஒருவரை நினைக்கிறேன். பெருஞ்சித்திரனார் வறுமை மிக்கவர். அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்றார். அவன் அவரைக் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதை ஏற்க மறுத்தார் என்பதைப் புறநானூறு நமக்குச் சொல்கிறது. சிறிதளவே தந்தாலும் தம் தகுதி அறிந்து தரவேண்டும் என்பது அவர் நிலை. அதியமான் கொடாதவன் அல்லன். குறை, முகம் பார்க்காததில் இருந்தது.

இன்று வேலை நீக்கம் பெறுபவருக்குப் பல நிறுவனங்கள் இழப்பீடு தருகின்றன. சில இடங்களில் நல்ல தொகையே தருகின்றன. ஆயினும் நெஞ்சு ஆறுவதில்லை. ஏன்? காலையில் நுழைவு அட்டை வேலை செய்யாதபோதுதான் செய்தி தெரிகிறது. முன்பின் அறியாத ஒருவர் எழுதி வைத்ததைப் படித்துக் காட்டுகிறார். இருபது ஆண்டுகள் அருகில் இருந்த மேலாளர் அன்று விடுப்பில் இருக்கிறார். எஞ்சியவர்கள் இதையெல்லாம் பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். போகிறவரை நிறுவனம் எப்படி அனுப்புகிறது என்பதைப் பார்த்தே தம் மதிப்பு என்ன என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். மிஞ்சியவரின் பற்று, சென்றவரின் வழியனுப்புதலில் தீர்மானம் ஆகிறது.

வாக்கு ஒருமுறை தளர்ந்தால் அது ஒரிடத்தில் நிற்பதில்லை என்பதற்கும் அந்த வரலாறே சான்று. 1993-ஐத் தாண்டி எஞ்சியவர்கள் 1999-இல் இன்னோர் அதிர்ச்சியைக் கண்டார்கள். ஓய்வூதியம் கணக்கிடும் முறையை நிறுவனம் மாற்றியது. பல ஆண்டு உழைத்து ஓய்வை நெருங்கிய நடுவயதினர்க்கு அது பெரும் இழப்பு. அப்போதுதான் அதுவரை வாய் மூடியிருந்தவர்கள் பேசினார்கள், சங்கமாகத் திரண்டார்கள். நாற்பது வயது கடந்து பத்தாண்டு பணி முடித்தவர்கள் பழைய முறையையே தேர்ந்துகொள்ளலாம் என்று நிறுவனம் ஓரளவு இறங்கி வந்தது. வழக்கும் நடந்தது, 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டம் அனுமதித்தது என்பது வேறு. வாக்கு நின்றது என்பது வேறு. 2013 முதல் 2018 வரை நடந்த ஆட்குறைப்புகளில் முதியவர்களையே குறிவைத்ததற்குச் சான்று உண்டு என்று அமெரிக்காவின் சமவேலைவாய்ப்பு ஆணையம் 2020-இல் கருத்துரைத்தது. நிறுவனம் அதை மறுத்தது. பாட்டு எழுந்த எண்டிகாட் ஆலை 2002-இலேயே விற்கப்பட்டிருந்தது.

வேறு வழி உண்டா?

உண்டு, ஆனால் எளிதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் லிங்கன் எலக்ட்ரிக் என்னும் பற்றவைப்புக் கருவித் தொழிலகம் இருக்கிறது. நிலையான பணியாளர்க்கு வேலை உறுதி என்பதை 1958-இல் அது முறையான கொள்கையாக ஏற்றது. 1980-களின் தொடக்கத்தில் பெரும் மந்தம் வந்து விற்பனை படுத்தபோது யாரையும் அனுப்பவில்லை. வேலை நேரத்தைக் குறைத்தார்கள். ஆலைத் தொழிலாளர் சிலருக்கு விற்பனைப் பயிற்சி தந்து ஊர் ஊராக அனுப்பினார்கள். தங்கள் கையால் செய்த கருவியைத் தாங்களே விற்று வந்தார்கள். இங்கே உறுதி ஒருபுறத்தது அன்று. பணியாளரும் குறைந்த நேரத்தையும் மாற்று வேலையையும் ஏற்க வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்தின் பகுதி. துன்பத்தை ஆயிரவரில் நூற்றுவர் தலையில் சுமத்தாமல் ஆயிரவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இன்னொருவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நெசவாலை முதலாளி ஏரன் ஃபியூயர்ஸ்டீன். 1995 டிசம்பர் 11 அன்று, அவருடைய எழுபதாம் பிறந்தநாளிலேயே, அவரது மால்டன் மில்ஸ் ஆலை தீக்கிரையாயிற்று. காப்பீட்டுப் பணத்தைப் பெற்றுக்கொண்டு அவர் ஒதுங்கியிருக்கலாம். வேலையின்றி நின்ற தொழிலாளர்க்குப் பல வாரங்கள் முழுச் சம்பளம் கொடுத்துக்கொண்டே ஆலையை மீண்டும் எழுப்பினார். இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். உண்மை அங்கே நிற்கவில்லை. கடன் சுமையால் 2001-இல் அந்த ஆலை நொடித்துப் போயிற்று. அவர் கையைவிட்டும் போயிற்று. நல்லவனாக இருந்தால் வணிகம் செழிக்கும் என்று நான் உங்களுக்கு உறுதி கூற முடியாது. ஆனால் 2021-இல் அவர் மறைந்தபோதும் உலகம் அந்தச் சம்பளத்தை மறந்திருக்கவில்லை. அது வேறு வகைக் கணக்கு.

இவற்றிலிருந்து நான் பெற்ற முடிவுகள் சில. ஒரு நிறுவனம் காக்க முடியாத வாக்கைத் தரக் கூடாது; ‘இதுவே கடைசி’ என்ற சொல்லை, அது கடைசி என்று உறுதியாகத் தெரியாதவன் சொல்லவே கூடாது. அனுப்பியே தீர வேண்டும் என்றால், மற்ற வழிகளெல்லாம் முயன்ற பிறகு, ஒரே முறை, காரணத்தை மறைக்காமல், முகம் பார்த்துச் சொல்லி அனுப்ப வேண்டும். குறைப்பு மேலிருந்து தொடங்க வேண்டும். தலைமையின் ஊதியம் உயர்ந்துகொண்டே கீழே ஆட்கள் குறைந்தால் எந்த விளக்கமும் செல்லாது. பணியாளர்க்கும் ஒன்று சொல்வேன். பற்றை நிறுவனத்தின் பெயர்ப்பலகை மேல் வைக்க வேண்டாம். செய்யும் தொழிலின் மேல் வையுங்கள். பக்கத்து இருக்கைத் தோழன் மேல் வையுங்கள். அந்த இரண்டும் பட்டியல் வந்த பின்னும் உங்களோடு வரும்.

செஞ்சோற்றுக் கடன் யாருடையது என்று தலைப்பில் கேட்டேன். சோறு உண்டவனுடையது என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். அந்தச் சோற்றை விளைவித்தவன் யார் என்று கேட்டால் கடன் இருவருடையது என்பது விளங்கும்.

கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இனி, இந்த மன்றத்தில் இதை ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். நிறுவனங்களுக்கு எப்போதும் சொல் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். வாழும் காலத்தில் புகழ்ப்பாட்டு எழுத. வீழும் காலத்தில் அறிக்கை எழுத. இந்த அரங்கில் இருப்பவர்களில் பலர் அலுவலகங்களில் பணிபுரிகிறவர்கள். ‘நீங்கள் தமிழில் எழுதக் கூடியவர்’ என்று ஒரு நாள் உங்களிடமும் ஒரு தாளை நீட்டுவார்கள். அன்று உங்கள் வீட்டிலும் கல்லூரி செல்லும் மகள் இருக்கலாம். மறுத்துவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்; மறுக்காதவனுக்கு அந்த உரிமை இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். ‘நாளை வேலைக்கு வர வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்கும் மனிதனுக்கு விடை அந்தத் தாளின் முதல் வரியிலேயே கிடைக்கும்படி எழுதுங்கள். அதற்கு மேல் எவ்வளவு அழகு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்கு மேலிடம் ஒப்பாவிட்டால், அப்போதாவது வாய் திறந்து பேசுங்கள்.

கடைசல் பிரிவு நண்பரைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் சந்தித்தேன். சிறு பட்டறை ஒன்று வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த அறிக்கையைப் பற்றி நான் வருத்தம் தெரிவித்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அதை நீங்களா எழுதினீங்க?” என்றார். அவருக்கு அதுவரை தெரியாது. நான் இன்றுவரை சுமந்த பழியை அவர் என் மேல் ஏற்றவே இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொன்னபோதுதான், அந்தத் தாளில் எழுதாமல் விட்ட விடையை எழுதி முடித்தது போல எனக்கு இருந்தது.

பத்து ஆண்டுகளில் இந்த மன்றம் பல நல்ல கவிதைகளைத் தந்திருக்கிறது. அடுத்த பத்து ஆண்டுகளில், கவிதையில் காக்கும் சொல்லின் நேர்மையை அலுவலக மேசையிலும் காக்கும் கவிஞர்களைத் தரட்டும் என வாழ்த்துகிறேன்.